ஹைவ் ஆட்டத்தில் புதியவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

பயணத்துக்கு எடுத்துப்போக ஏற்ற இரண்டு பேர் ஆட்டம் எது என்று கேட்டால், யோசிக்காமல் ஹைவ் என்பேன். ஜான் யியானி உருவாக்கியது. பலகை கிடையாது, பகடை கிடையாது, சீட்டும் கிடையாது. ஆளுக்கு 11 அறுகோணக் காய்கள், அவ்வளவுதான்: ராணித் தேனீ 1, சிலந்தி 2, வண்டு 2, வெட்டுக்கிளி 3, எறும்பு 3. ஒவ்வொரு முறையும் கையில் இருக்கும் காயை இறக்கலாம், அல்லது இறக்கியதை நகர்த்தலாம். எதிராளியின் ராணியை ஆறு பக்கமும் அடைத்துவிட்டால் வெற்றி.

விதிகள் பத்து நிமிடத்தில் புரிந்துவிடும், ஆட்டம் பிடிபடத்தான் நாளாகும். எதிராளி ராணியைப் பார்த்து ஓடி, கிடைத்த காயையெல்லாம் அதன் பக்கத்தில் கொண்டுபோய் ஒட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். ஆனால் ஹைவில் ஜெயிக்கிறவர் யார் என்றால், நகரக்கூடிய காய் யாரிடம் அதிகம் மிஞ்சியிருக்கிறதோ அவர்தான். கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் விதியையே தப்பாக ஆடுவது. மேசையில் இருக்கும் காய்கள் எல்லாம் எப்போதும் ஒரே கூட்டமாக ஒட்டியிருக்க வேண்டும், இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு காயைத் தூக்கும் அந்த நொடியில்கூடக் கூட்டம் இரண்டாகப் பிரியக் கூடாது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வேறு இடத்தில் வைத்ததும் மறுபடி ஒட்டிவிடுமே என்று வாதம் வரும், செல்லாது. இந்த ஒரு விதியை விட்டால் ஹைவ் ஹைவாகவே இருக்காது, ஏனென்றால் எதிராளியின் காயைக் கட்டிப்போடுவது முழுக்க இதை வைத்துத்தான். அப்புறம், தரையில் ஊர்ந்து போகும் பூச்சிகள் நெருக்கமான சந்து வழியாக நுழைய முடியாது. மற்ற காய்களை அசைக்காமல் மேசையில் தள்ளியே கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள், முடியாவிட்டால் அந்த நகர்வு கிடையாது. சிலந்தி சரியாக மூன்று இடம் போக வேண்டும், இரண்டில் நிற்க முடியாது.

அடுத்தது ராணியை இறக்கத் தாமதிப்பது. நான்காவது முறைக்குள் இறக்கியே ஆக வேண்டும் என்பது விதி, அதனால் கடைசிவரை கையில் வைத்திருந்தால் பத்திரம் என்று தோன்றும். ராணி இறங்காதவரை உங்கள் எந்தக் காயும் நகர முடியாது. எதிராளி இரண்டாவது முறையிலேயே ராணியை வைத்துவிட்டு எறும்பை ஓடவிடத் தொடங்கியிருப்பார், நீங்கள் இறக்கிக்கொண்டே இருப்பீர்கள். இரண்டாவது அல்லது மூன்றாவது முறையில் வைத்துவிடுங்கள். போட்டிகளில் முதல் முறையிலேயே ராணியை இறக்கக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு, வீட்டிலும் அப்படியே பழகிவிடலாம்.

தொடக்கத்தில் எறும்பை இறக்குவதும் வீண். முதலில் இறங்கும் காய் பெரும்பாலும் கூட்டத்தின் நடுவில் மாட்டிக்கொண்டு கடைசிவரை அங்கேயே கிடக்கும். அந்தத் தியாகத்துக்குச் சிலந்தியோ வெட்டுக்கிளியோ போதும். எறும்பு கூட்டத்தைச் சுற்றி எத்தனை இடம் வேண்டுமானாலும் ஓடக்கூடியது, உங்களிடம் இருப்பதிலேயே விலைமதிப்புள்ள காய் அதுதான்.

இந்த எறும்பை வைத்துத்தான் புதியவர்கள் அதிகம் இழக்கிறார்கள். இறக்கிய உடனேயே ஓடிப்போய் எதிராளி ராணியின் பக்கத்தில் ஒட்டவைப்பார்கள், ஆறில் ஒரு பக்கம் அடைபட்டது என்ற திருப்தி. ஒரு பக்கம் அடைபட்டால் ராணிக்கு ஒன்றும் ஆகிவிடாது, ஆனால் உங்கள் எறும்பு அங்கேயே சிக்கிக்கொள்ளக்கூடும். அதைவிட, எதிராளியின் காய்களில் ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருக்கும் காயைத் தேடுங்கள், முக்கியமாக அவருடைய எறும்பு. அதன் வெளிப்பக்கத்தில், வேறு எதையும் தொடாதபடி உங்கள் எறும்பை வையுங்கள். இப்போது உங்கள் எறும்பைக் கூட்டத்தோடு இணைப்பது அவருடைய அந்தக் காய் மட்டும்தான். அதை எடுத்தால் கூட்டம் பிரியும், ஆகவே அது நகர முடியாது. உங்கள் எறும்போ நினைத்தபோது கிளம்பலாம். இப்படி இரண்டு மூன்று காயைக் கட்டிவிட்டால் எதிராளிக்குக் கையிலிருப்பதை இறக்குவதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் தீர்ந்தால் முறையைக் கைவிட வேண்டியதுதான். ஹைவில் எனக்குப் பிடித்த கட்டமே இதுதான், ராணியின் பக்கத்தில்கூடப் போகாமல் ஆட்டம் பாதி முடிந்திருக்கும்.

சொந்த ராணியைச் சுற்றிச் சொந்தக் காய்களையே அடுக்கிக் கோட்டை கட்டுவது இன்னொரு பழக்கம். சதுரங்கம் ஆடிப் பழகியவர்களுக்கு இது இயல்பாகவே வரும். ஆனால் ராணியை அடைக்கும் ஆறு காய்கள் யாருடையவை என்ற பேதமே இங்கே இல்லை. காவலுக்கென்று நீங்கள் வைத்த மூன்று காய் எதிராளிக்கு மூன்று முறை வேலையை மிச்சப்படுத்துகிறது. ராணி ஒரு அடிதான் நகரும் என்றாலும், ஓரத்தில் வழியோடு இருக்கும் ராணியை அடைப்பது பெரும் பாடு.

வண்டைக் கடைசி நேரத்தில் நினைப்பதும் அடிக்கடி நடக்கிறது. ஒரு அடி ஒரு அடியாகத்தான் போகும், ஆகவே முன்கூட்டியே இறக்கிக் கிளப்பினால்தான் போய்ச்சேரும். மற்ற காய்களின் மேல் ஏறக்கூடியது, மேலே இருக்கும்வரை கீழே இருப்பது அசைய முடியாது. எதிராளி ராணியின் மேலேயே ஏறிவிட்டால் அந்த இடம் உங்கள் நிறமாகிவிடும். அப்புறம் வேறு எதிரிக் காய் தொடாத இடமாக இருந்தால், கையிலிருக்கும் புதுக் காயை நேராக ராணியின் பக்கத்திலேயே இறக்கலாம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், மேலே இருக்கும் வண்டு அந்த ஆறு பக்கத்தில் சேராது.

முடிவை நெருங்கும்போது எறும்பு மட்டும் மிஞ்சியிருந்தால் சிக்கல். கடைசி ஓட்டையின் வாசலில் இருபுறமும் காய் நின்றால் எறும்பு உள்ளே நுழைய முடியாது. தாண்டிக் குதிக்கும் வெட்டுக்கிளியோ ஏறி இறங்கும் வண்டோ வேண்டும். குறைந்தது ஒரு வெட்டுக்கிளியையாவது கட்டுப்படாமல் வைத்திருங்கள். தோற்கும் நிலையில் இருந்தால் உங்கள் ராணியை எதிராளி ராணிக்கு அருகில் நகர்த்திப் பாருங்கள். இரண்டுக்கும் பொதுவான கடைசி இடம் ஒன்று மிஞ்சி, அதை நிரப்பினால் இரண்டு ராணியும் ஒரே நேரத்தில் அடைபடும் என்றால் ஆட்டம் சமன்.

பின்னால் கூடுதல் காய்களாக வந்த கொசு (2007), பொறிவண்டு (2010), பில்பக் (2013) மூன்றையும் முதல் நாளே சேர்க்காதீர்கள். கொசு தான் தொட்டுக்கொண்டிருக்கும் காயைப்போல நகரும், ஆகவே மற்றவை எப்படி நகரும் என்பது கையில் படியாதவருக்கு அது வெறும் குழப்பம்தான்.

பயணத்துக்கு என்றால் பாக்கெட் பதிப்பை வாங்குங்கள். பெரிய பதிப்பின் காய்கள் கையில் எடுக்க அருமையாக இருக்கும், ஆனால் கனம், இடமும் நிறையக் கேட்கும். பாக்கெட் பதிப்பில் கொசுவும் பொறிவண்டும் கூடவே வருகின்றன, மொத்தம் 26 காய். பலகை இல்லாததால் கூட்டம் ஒரு பக்கமாக வளர்ந்து மேசை விளிம்புக்குப் போய்விடும். அந்த நேரத்தில் கூட்டத்தை மொத்தமாக நடுவுக்குத் தள்ளிக்கொள்ளலாம், இடமில்லை என்பதற்காக நல்ல நகர்வை விட்டுவிடாதீர்கள். ஓடும் ரயிலில் வண்டின் மேல் வண்டு ஏறிய அடுக்கு சரியும், ஒரு துண்டை விரித்து அதன்மேல் ஆடினால் வழுக்காது. இறங்குவதற்கு முன் காய்களை எண்ணிப் பையில் போடுங்கள். ஒன்று தொலைந்தால், மறுபக்கத்திலும் அதே பூச்சியை விலக்கிவிட்டு ஊர் திரும்பும்வரை ஆடலாம், ராணி தொலைந்தால்தான் அந்த இடத்துக்கு வேறொரு காயில் அடையாளம் ஒட்டிக்கொள்ள வேண்டும்.