நஹலாலை வரைபடத்தில் படிப்பது எப்படி

இன்றைய இஸ்ரேலில் உள்ள நஹலால், 1921 செப்டம்பரில் உருவான முதல் மொஷாவ். மொஷாவ் என்றால் குடும்பங்கள் தனித்தனியே உழுது, கூட்டுறவாக இயங்கும் யூத விவசாயக் கிராமம். இணைய வரைபடத்தில் நாசரேத்துக்கு மேற்கே, ஜெஸ்ரீல் பள்ளத்தாக்கின் மேற்குப் பகுதியில் தேடுங்கள். செயற்கைக்கோள் படத்துக்கு மாற்றினால் நீள்வட்டம் ஒன்று பளிச்சென்று தெரியும்.

நடுவிலிருந்து வெளியே பாருங்கள். மையத்தில் பொதுக் கட்டடங்களும், நிலமில்லாமல் தொழில் செய்பவர்களின் வீடுகளும். அடுத்த வளையத்தில் விவசாயிகளின் வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் தொழுவம், தோட்டம், பிறகு வெளியே போகப்போக அகலும் வயல். கட்டடக் கலைஞர் ரிச்சர்ட் காஃப்மன் போட்ட திட்டம் இது. எல்லாருக்கும் சம நிலம், சொந்த உழைப்பு, பரஸ்பர உதவி, கூட்டாகக் கொள்முதலும் விற்பனையும் என்ற மொஷாவ் விதிகள் அப்படியே தரையில் வரையப்பட்டிருக்கின்றன. நிலம் விவசாயிகள் யாருக்கும் சொந்தமில்லை. யூதக் குடியேற்றத்துக்காக நிலம் வாங்கிய யூத தேசிய நிதியத்திடமிருந்து பெற்ற குத்தகைதான்.

பலரும் இதைக் கிப்புட்ஸ், அதாவது நிலத்தைக் கூட்டாக உழும் பொதுவுடைமைக் குடியிருப்பு, என்று எழுதிவிடுகிறார்கள். தென்கிழக்கே உள்ள கினேகர் என்ற கிப்புட்ஸோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிப்புட்ஸில் வீடுகள் ஒரே கொத்தாக இருக்கும், வயல்கள் தனியே பெரிய பாளங்களாகக் கிடக்கும். நஹலாலில் வீட்டோடு வயல் ஒட்டியிருக்கும்.

பரப்பளவில் கவனம் தேவை. அங்கே நிலத்தைத் துனாம் என்ற அலகில் அளக்கிறார்கள். இன்றைய துனாம் 1000 சதுர மீட்டர், ஏறத்தாழ கால் ஏக்கர். பழைய உஸ்மானிய (துருக்கி) ஆட்சிக்காலத் துனாமோ சுமார் 919 சதுர மீட்டர். 1920-களின் பத்திரங்களை இன்றைய அளவில் கணக்கிட்டால் நிலம் கூடுதலாகத் தெரியும்.

இந்த இடம் அன்று மலேரியா பரப்பிய சதுப்பு. அதனால் முதல் குடும்பங்கள் பக்கத்துக் குன்றில் தங்கி, வடிகால் வெட்டிய பிறகே கீழே இறங்கின. உயரக் கோடுகளை இயக்கிப் பாருங்கள். தண்ணீர் ஏன் தேங்கியது என்பது புரியும்.

அடுத்து, பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்து 1:20,000 வரைபடத்தை இதன்மேல் பொருத்துங்கள். ஓடைகளைப் பிடித்துப் பொருத்தாதீர்கள். வடிகால் வேலையில் அவை திசை மாறியிருக்கலாம். வடகிழக்கிலுள்ள சிம்ரோன் என்ற பழங்கால மேட்டை ஆதாரமாக வையுங்கள். கிழக்கே மஃலூல் என்ற அரபுக் கிராமம் தென்படும். இன்றைய படத்தில் அங்கே பைன் காடுதான். இஸ்ரேல் உருவான 1948-இல் நடந்த போரில் அந்தக் கிராம மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இரண்டு தேவாலயங்களும் ஒரு மசூதியும் மிஞ்சியிருக்கின்றன. மரக்கூட்டத்துக்குள் பெரிதாக்கித் தேடுங்கள், மஃலூலை விட்டுவிட்டு நஹலாலின் வரலாற்றை எழுத முடியாது.