காட்டுப் பூதக் கதைகளில் நாம் சறுக்கும் இடங்கள்

பிள்ளைகளுக்குக் காட்டுப் பூதக் கதை எழுத உட்காருகிறவர்கள் பலர் முதல் பத்தியிலேயே பூதத்தின் அங்க அடையாளங்களைக் கொட்டிவிடுகிறார்கள். ரத்தச் சிவப்பில் கண், தொங்கும் கோரைப்பல், உடம்பெல்லாம் ரோமம். இதைவிடக் கோரமான உருவங்களைத் திரையில் பார்த்துக் கொட்டாவி விடுகிற வயது அது. வெறும் வர்ணனைக்கு மசியாது.

அமெரிக்காவின் வடக்குக் காடுகளில் மரம் வெட்டப் போனவர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். அவர்களுடைய முகாம்களில் உலவிய பூதங்களில் ஒன்று ஹைட்பிஹைண்ட். காட்டுக்குள் போன ஆள் திரும்பி வரவில்லை என்றால் அதுதான் இழுத்துப் போயிருக்கும் என்பார்கள். அது எப்போதும் ஆளுக்குப் பின்னாலேயே வரும். சட்டென்று திரும்பினால் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்ளும். யாரும் அதைப் பார்த்ததில்லை என்பதுதான் கதையே. இதை எழுதுகிறவருக்குக் கோரைப்பல்லால் என்ன பயன்? இப்படி எழுதிப் பாருங்கள்: ‘அவன் நின்றான். பின்னால் கேட்ட சருகுச் சத்தமும் நின்றது. ஆனால் கடைசிச் சருகு மட்டும் கொஞ்சம் தாமதமாக நொறுங்கியது.’ மீதியைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தவறு, பூதத்துக்கு உரிய விதியைத் தொலைத்துவிடுவது. நாட்டுப்புறப் பூதங்கள் சும்மா பாய்ந்து கடிப்பவை அல்ல. எதைச் செய்தால் வரும், எங்கே வரும், எப்படித் தப்பலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. ரஷ்யக் காட்டுக் கதைகளில் வரும் லேஷி மரத்தோடு மரமாக உயர்ந்து நிற்கும், புல்லோடு புல்லாகச் சுருங்கவும் செய்யும். அதன் வேலை வழி தப்ப வைப்பது. நடந்து நடந்து ஆள் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்பான். தப்புவதற்குச் சட்டையைக் கழற்றி உள்பக்கம் வெளியே தெரிய மாட்டிக்கொள்ள வேண்டும், செருப்பை இடம் வலமாக மாற்றிப் போட வேண்டும். ஜப்பானிய ஆறுகளில் வாழும் கப்பாவின் உச்சந்தலையில் ஒரு குழி, அதில் தண்ணீர். அதன் பலமெல்லாம் அந்தத் தண்ணீரில்தான். நீங்கள் குனிந்து வணக்கம் வைத்தால் அதுவும் மரியாதைக்குத் தலை குனியும், தண்ணீர் கொட்டிவிடும். ஆளை நீருக்குள் இழுத்துப்போகும் பூதத்துக்கு இவ்வளவு பண்பு!

தப்பும் வழியைச் சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று சிலர் இதை வெட்டிவிடுகிறார்கள். எனக்கென்னவோ நேர்மாறாகத்தான் படுகிறது. சட்டையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரியும், கதையில் வருகிறவனுக்கு அது ஞாபகம் வரவில்லை என்றால், ‘திருப்பிப் போடுடா!’ என்று பிள்ளை கத்தும். வழியே இல்லாத பூதத்திடம் அந்தப் பதைப்பு வராது, ஒரு கையாலாகாத்தனம்தான் மிஞ்சும். ராத்திரி தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

விதி என்றதும் அதை நீதிபோதனையாக்கிவிடுவது அடுத்த வழுக்கல். பிரேசில் காடுகளின் குருபிராவுக்குப் பாதங்கள் பின்பக்கம் திரும்பியிருக்கும். அதன் காலடித் தடத்தைப் பார்த்துத் தொடர்கிறவன் எதிர்த்திசையில் போய்ச் சிக்குவான். 1560-இல் ஜோசே டி அஞ்சியேட்டா என்ற பாதிரியார் எழுதிய கடிதத்திலேயே இந்தப் பெயர் வருகிறது. தேவைக்கு மேல் வேட்டையாடுகிறவர்களை அது அலைக்கழிக்கும் என்பது கதைக்குள்ளேயே இருக்கிறது. அதற்கு மேல் ‘ஆகவே பிள்ளைகளே, காட்டைக் காப்போம்’ என்று ஒட்டுப் போட வேண்டாம். ‘சாப்பிடாவிட்டால் பூதத்திடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்பது இன்னும் மோசம். காட்டில் இருக்க வேண்டியதைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைத்தால் கதையும் கெடும், சாப்பாடும் கெடும்.

பூதத்தை அதன் மண்ணிலிருந்து பிடுங்கி வேறெங்காவது நடுவதற்கு வென்டிகோ நல்ல உதாரணம். வட அமெரிக்காவின் ஓஜிப்வே, கிரீ போன்ற பூர்வகுடிகளின் கதைகளில் அது கடுங்குளிரும் பட்டினியும் சேர்ந்த காலத்துக்குச் சொந்தம். எலும்பும் தோலுமான உருவம். எவ்வளவு தின்றாலும் அந்த அளவுக்கே உடம்பும் வளர்ந்துவிடும், அதனால் பசி அடங்கவே அடங்காது. இப்போது படங்களில் பார்க்கும் மான் மண்டையோடும் கொம்பும் பிற்காலத்தில் ஒட்டவைத்தவை. கொம்பை வைத்துக்கொண்டு பசியை விட்டுவிட்டால் மிஞ்சுவது மாறுவேடப் போட்டி. இன்னொன்று, அந்த மக்களில் பலருக்கு வென்டிகோ விளையாட்டுச் சங்கதி அல்ல. பனிக்காலத்தில் மட்டுமே சொல்ல வேண்டிய கதைகள் என்றே சிலவற்றை ஓஜிப்வே மக்கள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். யாருடைய கதை என்று ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடங்குவதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

எல்லாப் பூதத்தையும் செல்லப்பிராணி ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். பென்சில்வேனியாக் காடுகளின் ஸ்குவாங்க், மருவும் மச்சமுமான தன் தோலை நினைத்து வெட்கப்பட்டு அழுதுகொண்டே திரியும். ஒருவன் அதைச் சாக்குக்குள் பிடித்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தானாம். திடீரென்று சாக்கு கனமில்லாமல் போயிற்று. திறந்து பார்த்தால் உள்ளே கண்ணீரும் குமிழியும்தான். இதற்கு ஒரு நண்பனைச் சேர்த்து, கடைசியில் சிரிக்கவைத்து முடிக்கக் கை பரபரக்கும். விட்டுவிடுங்கள். பிள்ளைகளால் சோகத்தைத் தாங்க முடியும்.

‘இது நிஜமா?’ என்று கேட்கும்போது சுவாரசியத்துக்காக ‘ஆமாம், அறிவியலே நிரூபித்திருக்கிறது’ என்று அடித்துவிடுவதும் உண்டு. பொய் தேவையில்லை, ஏனென்றால் புளுகு வெளிப்பட்ட கதைகளே அருமையாக இருக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் ரைன்லேண்டர் ஊர்க்காரரான யூஜின் ஷெப்பர்ட் 1893-இல் ஹோடாக் என்ற முதுகெல்லாம் முள் நிறைந்த மிருகத்தைக் கண்டதாகக் கிளப்பிவிட்டார். 1896-இல் ஒன்றை உயிரோடு பிடித்துவிட்டதாகச் சொல்லி உள்ளூர்க் கண்காட்சியில் மங்கலான வெளிச்சத்தில் காட்டினார். மரமும் மாட்டுத்தோலும்தான், கம்பியை இழுத்தால் அசையும். அருங்காட்சியகங்களும் ஆய்வும் நடத்தும் ஸ்மித்சோனியன் நிறுவனத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்றதும் உண்மையை ஒப்புக்கொண்டார். அந்த ஊரின் சின்னம் இன்றைக்கும் ஹோடாக்தான்.

1958-இல் கலிஃபோர்னியாவில் பிக்ஃபுட் என்ற ராட்சதக் குரங்குமனிதனின் பெயரைப் பிரபலமாக்கிய காலடித் தடங்களுக்குப் பின்னால் மரத்தில் செதுக்கிய பாதங்கள் இருந்ததாக, ரே வாலஸ் என்பவர் 2002-இல் இறந்தபின் அவர் குடும்பத்தார் சொன்னார்கள். இமயமலைப் பனிமனிதன் எனப்படும் யெட்டியுடையவை என்று பாதுகாக்கப்பட்ட எலும்பு, தோல், முடி, பல் போன்ற 9 மாதிரிகளை 2017-இல் மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது 8 கரடியுடையவை, 1 நாயுடையது என்று தெரிந்தது. இதைச் சொன்னால் பிள்ளை ஏமாந்துபோகும் என்று நினைக்காதீர்கள். எந்தக் கரடி, நாய் எப்படி அங்கே வந்தது என்று அடுத்த கேள்வி வரும்.