பெர்மிட்டின் பின்பக்கத்தைப் பாருங்கள்

வன்னியிலிருந்து ரொறன்ரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு சுகாதார அட்டை, பள்ளிக்கூடம், வாடகை வீடு எல்லாவற்றையும் உறவினர் சொல்லித் தருவார்கள். சொத்து யாருக்குப் போக வேண்டும் என்ற கதையை மட்டும் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். சாவைப் பற்றிய பேச்சு என்று தள்ளிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தள்ளிப்போட்டோம்.

முதலில் இங்குள்ளதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்ராறியோவில் உயிலை, அதாவது ஊரில் நாங்கள் மரணசாசனம் என்பதை, இரண்டு சாட்சிகளின் முன் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறப்போகிறவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. முழுவதையும் சொந்தக் கையால் எழுதிக் கையெழுத்திட்டால் சாட்சி இல்லாமலும் செல்லும். உயில் இல்லாமல் இறந்தால் மனைவிக்கு முதல் 350,000 டொலர், மிச்சத்தில் பிள்ளைகளுக்கும் பங்கு. 18 வயதுக்குக் குறைந்த பிள்ளையின் பங்கைத் தாய் நினைத்தபடி எடுத்துச் செலவழிக்க முடியாது. ஆயுள் காப்புறுதியிலும், RRSP, TFSA போன்ற பதிவு செய்யப்பட்ட சேமிப்புத் திட்டங்களிலும் யாருடைய பெயரைக் கொடுத்தீர்களோ அவருக்குத்தான் அந்தப் பணம். கலியாணத்துக்கு முன்பு அம்மாவின் பெயரைக் கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள்.

சரி, இனி ஊருக்கு வருவோம்.

பரம்பரைச் சொத்தான முதுசம், பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம், கலியாணத்துக்குப் பின் சேர்த்த தேடியதேட்டம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அப்பன் காணி பிள்ளைகளுக்கு என்று நம்பியே இருந்துவிட்டோம். வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, உறுதி எழுதிய சொந்தக் காணிக்குச் சரி. வன்னியில் குளத்துக்குக் கீழே குடியேற்றத் திட்டங்களில் கிடைத்த வயல்களில் பெரும்பாலானவை பெர்மிட் காணி, அதாவது அனுமதிப் பத்திரம் கொடுத்து அரசு தந்த அரச காணி. அதை ஆள்வது 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அங்கே தேசவழமை நுழையாது.

எங்கள் ஐயாவுக்குக் கிளிநொச்சி வட்டக்கச்சியில் மூன்று ஏக்கர். பெர்மிட்டைப் பொலித்தீன் பையில் சுற்றி, இடுப்பில் கட்டிக்கொண்டுதான் முள்ளிவாய்க்கால் வரை போனார். முகாமிலும் தலையணைக்குக் கீழே அதுதான். மடித்த இடங்கள் கிழிந்து, மஞ்சளாகி, ஆனால் ஒரு எழுத்தும் அழியாமல் திரும்பி வந்தது. 2014 இல் ஐயா போன பிறகுதான் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பின்னுரித்தாளர், அதாவது காணிக்காரருக்குப் பின் காணி யாருக்கோ அவர், பெயர் எழுதும் இடம் வெறுமையாக இருந்தது.

அம்மா இருக்கிறார்தானே என்று ஆறுதல்பட்டோம். அதுதான் எங்களை விழுத்தியது. பெயர் குறிக்கப்படாத மனைவிக்குச் சீவிய உரித்து, அதாவது உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரிமை, மட்டும்தான். அவர் காணியை விற்கவோ, தனக்குப் பின் இன்னாருக்கு என்று பெயர் குறிக்கவோ முடியாது. அம்மாவோ நொத்தாரிசிடம் போய், வயலைப் பார்க்கிற தங்கச்சிக்கு மரணசாசனம் எழுதி வைத்திருந்தார். 2019 இல் அம்மாவும் போன பின், அந்தத் தாளால் பயனில்லை என்று பிரதேச செயலகத்தில் சொன்னார்கள். அன்றைய சட்டத்தில் மகளுக்கு முன் மகன். 2022 இல்தான் அந்த ஆண் பெண் வேறுபாட்டை நீக்கினார்கள். மூத்த மகன் நான். நானோ கனடாக் குடியுரிமை எடுத்தவன், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டதால் இலங்கைக் குடியுரிமையும் போய்விட்டது. என் பெயருக்கும் வராது என்றார்கள்.

தங்கச்சி கணவனை இழந்தவள். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் திறக்கிற நாளுக்கு வரம்பு கட்டி, பன்றிக்குக் காவலிருந்து, அந்த வயலில்தான் இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கிறாள். வங்கியில் பயிர்க்கடன் கேட்டால் பெர்மிட் உன் பெயரில் இல்லையே என்கிறார்கள். நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி அனுப்பிய கடிதமும் கோப்புக்குள் கிடக்கிறது. இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு எரிகிறது.

ஆகவே இன்றிரவே ஊருக்குத் தொலைபேசி எடுங்கள். உறுதிக் காணியா, பெர்மிட்டா, பெர்மிட்டுக்குப் பிறகு அரசு கொடுக்கும் அளிப்புப் பத்திரமா என்று கேளுங்கள். பெர்மிட் அல்லது அளிப்பு என்றால் பின்னுரித்தாளர் நியமனப் படிவத்தை மூன்று பிரதியாக நிரப்பி, பிரதேச செயலாளர், நொத்தாரிசு, சமாதான நீதவான் இவர்களில் ஒருவர் முன் கையெழுத்திட வேண்டும். காணிப் பதிவகத்தில் அது பதிவாவது காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே நடக்க வேண்டும். பிறகு பதிந்தால் செல்லாது. பெயர் குறிக்கப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் காணியைப் பொறுப்பேற்க வேண்டும். அதனால் பாசத்தில் வெளிநாட்டுப் பிள்ளையின் பெயரைப் போடாமல், அங்கே நின்று விதைக்கிறவரின் பெயரைப் போடச் சொல்லுங்கள். அற்றோனித் தத்துவம் (உங்களுக்காக இன்னொருவர் செயற்படக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம்) இருக்கிறது என்று நம்பியிருக்காதீர்கள். கொடுத்தவர் கண்மூடினால் அதுவும் முடிந்துவிடும்.

போன மாதம் முரசுமோட்டையிலிருந்து வந்த மருமகன் ஒருவனை என் குசினியில் இருத்தி, அவன் தகப்பனோடு பேச வைத்தேன். முதலில் அவருக்குக் கோபம். "நான் இன்னும் சாகேல்லையடா" என்றார். அப்புறம் இரண்டு கிழமையில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பெர்மிட்டின் பின்பக்கம், நீல மையில் கடைசி மகளின் பெயர்.