சீனப் பள்ளிக்கு போற புள்ளைக்கு, சீனம் தெரியாத நாம எப்படி ஹோம்வொர்க் பாக்குறது

மலேசியால சுங்கை சிப்புட்ல, செம்பனத் தோட்டத்த ஒட்டுன தாமான்ல (குடியிருப்புல) தான் இருக்கோம். எனக்கும் வீட்டுக்காரருக்கும் மண்டரின் சுத்தமா தெரியாது, மகன் சீனப் பள்ளில ஸ்டாண்டர்ட் த்ரீ, அதாவது மூணாங் கிளாஸ். பக்கத்து வீட்டு அக்கா, அடுத்த வருஷம் மகள போடப்போறாங்க, எப்படிமா சமாளிக்கிறன்னு கேட்டாங்க. அவங்களுக்கு சொன்னது தான் இது.

அக்கா, மொதல்ல தாடிகா, அதான் பாலர் பள்ளி. அஞ்சாறு வயசுல மண்டரின் பேசுற தாடிகாவுக்கு அனுப்பாம நேரா ஸ்டாண்டர்ட் ஒன்ல கொண்டு போய் விட்டா புள்ள பாவம், மலாய் இங்கிலீஷ் தவிர கணக்கு அறிவியல் எல்லாமே மண்டரின்ல தான் ஓடும், லாவ்ஷி (டீச்சர்) பென்சில எடுன்னு சொன்னாக்கூட முழிச்சிக்கிட்டு உக்காந்திருக்கும்.

அடுத்து எழுத்து. கட்டம் போட்ட புத்தகம் குடுப்பாங்க, ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. புள்ள எழுதுறப்போ பக்கத்துல உக்காந்து கைய பாருங்க, எழுத்த இல்ல. மேலருந்து கீழ, இடமிருந்து வலம், படுக்க கோடும் நிக்கிற கோடும் குறுக்க வெட்டுச்சுன்னா படுக்க கோடு தான் மொதல்ல. பெட்டி மாதிரி சுத்தி மூடுற எழுத்துன்னா உள்ள இருக்குறத எழுதிட்டு கடைசியா தான் அடிக்கோட்ட போட்டு மூடணும், ஆள் வீட்டுக்குள்ள போன பெறகு தானே கதவ சாத்துவோம். இவ்ளோ தெரிஞ்சா பாதி வேல முடிஞ்சிது.

பயமுறுத்துறது திங்ஷியே தான். லாவ்ஷி வார்த்தைய சொல்ல சொல்ல புள்ள பாக்காம எழுதணும், நம்ம டிக்டேஷன் மாதிரி. நான் ஒரு தடவ பின்யின, அதான் சீன உச்சரிப்ப இங்கிலீஷ் எழுத்துல எழுதுறத, பாத்து நானே வாசிச்சு குடுத்தேன், வாங்குறதுக்கும் 'மாய்' விக்கிறதுக்கும் 'மாய்', ராகம் மட்டும் தான் வேற, நான் ஒரே மாதிரி சொல்லி அவன் ரெண்டையும் மாத்தி எழுதி பள்ளில மார்க் போச்சு. இப்ப வாய தொறக்குறதே இல்ல. பாடத்துல உள்ள வார்த்தைங்கள போன்ல படம் புடிச்சு கூகள் டிரான்ஸ்லேட்ல போட்டா அதுவே வாசிக்கும், ஒவ்வொன்னா நிறுத்தி நிறுத்தி போடுறேன், அவன் எழுதுறான். திருத்துறது எப்படின்னா, புத்தகத்த பக்கத்துல வச்சு கோட்ட எண்ணுறது தான். அந்த ரெண்டு 'மாய்'ல விக்கிற 'மாய்'க்கு தலைல ஒரு பிளஸ் குறி இருக்கும், வாங்குறதுக்கு இருக்காது. அந்த பிளஸ கண்டுபுடிக்க சீனம் படிச்சிருக்கணும்னு ஒன்னும் இல்ல.

தப்பானத மறுபடி எழுதிட்டு வர சொல்வாங்க, அதுல நம்ம கையெழுத்து கேப்பாங்க, பையிலயே கெடக்கும், தினமும் பைய கொட்டி பாருங்க. வாட்ஸ்அப் குரூப்ல வர்றதும் சீனத்துல தான், அதையும் அதே மாதிரி மாத்தி படிச்சிக்கலாம், ஆனா நாளைக்கு என்ன கொண்டு வரணும்னு இருந்தா மட்டும் இன்னொரு அம்மாகிட்ட கேட்டுக்குங்க. கலர் பேப்பர்னு மொழிபெயர்த்துச்சுன்னு நான் வாங்கி குடுத்தேன், அவங்க கேட்டது கலர் பென்சில்.

வாய்ப்பாடு மண்டரின்லயே இருக்கட்டும், தமிழ்ல மாத்தாதீங்க. மலாய விட்டுறாதீங்க, ஸ்டாண்டர்ட் சிக்ஸ்ல இருந்த யுபிஎஸ்ஆர் பரீட்சைய 2021ல எடுத்துட்டாங்கன்னு அசந்துட்டா, எடைநிலைப்பள்ளில ஃபார்ம் ஒன் போறப்போ முக்காவாசி பாடம் மலாய்ல வந்து நிக்கும்.

தமிழுக்கு அந்தப் பள்ளில எடம் இல்ல, அது நம்ம பொறுப்பு. நான் தமிழ்ப்பள்ளி ஸ்டாண்டர்ட் ஒன் புத்தகம் வாங்கி ஞாயித்துக்கெழம அர மணி நேரம் உக்கார வைக்கிறேன். மொத நாள் அவன் அந்த கட்டம் போட்ட புத்தகத்தையே எடுத்துட்டு வந்து, 'அ'ன்னாவ ரொம்ப நேரம் பாத்துட்டு கேட்டான், "அம்மா, இதுல எந்த கோடு மொதல்ல?"