குரங்கின் மூளையில் ஒளியைச் செலுத்துவதற்கு முன்: ஒளிமரபியல் ஆய்வைத் திட்டமிடும் முறை

மூளையின் நரம்புச் செல்களான நியூரான்களை ஒளியால் இயக்கும் ஒளிமரபியலைப் பற்றிக் கேட்கும் காரைக்குடி மாணவர்களுக்கு நான் ஊருணித் தண்ணீரின் பச்சை நிறத்திலிருந்துதான் தொடங்குவேன். நன்னீரில் வாழும் கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பாசி, வெளிச்சத்தை அறிந்து நீந்துவதற்குச் சேனல்ரொடாப்சின் என்ற புரதத்தைப் பயன்படுத்துகிறது. நீல ஒளி பட்டதும் திறந்து நேர்மின் அயனிகளை உள்ளே விடும் அந்தப் புரதத்தின் மரபணுவை நியூரானில் சேர்த்துவிட்டால், அந்த நியூரானை ஒளியால் தூண்டலாம். 2009இல் ரீசஸ் குரங்கின் மூளையிலும் இது செய்துகாட்டப்பட்டது.

உங்கள் ஆய்வுக் கேள்விக்கு எலியிடமே விடை கிடைக்குமானால் குரங்கைத் தொடாதீர்கள். கண்ணசைவு, கூர்ந்த பார்வை போன்று நம்மை ஒத்த செயல்களுக்கே குரங்கு தேவைப்படுகிறது. நெறிமுறைக் குழுக்களின் அனுமதி கிடைத்த பிறகே அடுத்த வேலை.

மரபணுவைக் கொண்டுசேர்க்கப் பெரும்பாலும் ஏஏவி எனப்படும் அடினோ-இணை வைரஸே பயன்படுகிறது. இயற்கையான தொற்றால் குரங்கின் இரத்தத்தில் அதற்கு எதிர்ப்பொருள் முன்பே இருக்கக்கூடும் என்பதால், முதலில் இரத்தத்தைச் சோதியுங்கள். சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவு, ரீசஸ் குரங்கின் மூளையோ ஏறத்தாழ 90 கிராம். ஆகவே பல ஆழங்களில் ஊசியேற்றி, புரதம் உருவாகச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளின் வண்ணக் கண்ணாடி வழியே சுவரில் விழும் நீலமும் சிவப்பும் ஒரே அளவு பளிச்சென்று தோன்றலாம். மூளைத் திசுவில் அப்படியில்லை. சேனல்ரொடாப்சினுக்குத் தேவையான சுமார் 470 நானோமீட்டர் நீல ஒளி ஒரு மில்லிமீட்டருக்குள்ளேயே பெரிதும் மங்கிவிடும், சிவப்பு இன்னும் ஆழம் செல்லும். பெரிய பரப்பில் நியூரான்களை அடக்க வேண்டுமானால் ஜாஸ் போன்ற சிவப்பொளிப் புரதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மிகுந்த கவனம் வேண்டிய இடம் ஒப்பீட்டுச் சோதனைதான். உப்பு நீரில் இருக்கும் உலோகத்தின் மீது ஒளி பட்டால் மின்னழுத்தம் எழும்; 1953 முதல் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இயங்கிவரும் காரைக்குடியில் இதை விளக்குவது எளிது. இந்தப் போலிச் சைகையை நியூரானின் துடிப்பு என்று நம்பிவிடாமல் இருக்க, நியூரானின் துடிப்பைப் பதிவு செய்யும் அதே உலோக மின்முனையை உப்புக் கரைசல் நிறைந்த குவளையில் வைத்து, அதே ஒளியைப் பாய்ச்சி முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். ஒளியின் வெப்பமும் நியூரானின் வேகத்தை மாற்றும் என்பதால், மரபணு சேராத பகுதியிலும் அதே அளவு ஒளியைச் செலுத்திப் பாருங்கள். மூளைக்குள் ஒளியைக் கொண்டுசெல்லும் இழையின் முனையில் கசியும் வெளிச்சத்தைக் குரங்கே கண்டுவிடலாம். எனவே ஒளி செலுத்தும் தடவை, செலுத்தாத தடவை இரண்டிலும் அந்தக் கசிவை மறைக்க அதே நிற விளக்கு எரியட்டும், இரண்டும் முன்பின்னாகக் கலந்து வரட்டும். குரங்கிடம் நடத்தை மாற்றம் பெரும்பாலும் சிறிதாகவே தெரியும். ஆகவே தடுமாறும் அளவுக்குக் கடினமான பணியைப் பழக்கி, கண்ணசைவு தொடங்கும் நேரத்தை மில்லிவினாடிக் கணக்கில் ஒப்பிடுங்கள்.