பிளாக்செயின்: எதைக் காக்கும், எதைக் காக்காது

“பிளாக்செயினில் ஏறிவிட்டால் மோசடியே நடக்காது” என்ற பேச்சு தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வாட்ஸ்அப் குழுக்கள் வரை வந்துவிட்டது. பாதிதான் உண்மை. பிளாக்செயின் என்பது தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோத்து, பல கணினிகளில் நகல் வைக்கும் பதிவேடு. எழுதிய பதிவு மாறாது; எழுதியது சரியா தவறா என்று சங்கிலிக்குத் தெரியாது. புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

பிட்காயின் என்ற டிஜிட்டல் பணத்தின் சங்கிலியில் சராசரியாக 10 நிமிடத்துக்கு ஒரு தொகுதி சேர்கிறது. ஒவ்வொன்றிலும் முந்தைய தொகுதியின் ஹாஷ் இருக்கும். தரவைக் கணக்கிட்டு எடுக்கும் 64 இலக்க அடையாளம் அது. தரவில் ஒரு புள்ளி மாறினாலும் ஹாஷ் மொத்தமாக மாறிவிடும். பழைய தொகுதியில் கைவைத்தால் அதற்குப் பின் வந்தவை எதுவும் பொருந்தாது. நகல் வைத்திருக்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அதை ஏற்காது.

டர்பனில் ஒரு கோவில் கமிட்டி காவடித் திருவிழா நன்கொடையை இப்படிப் பதிகிறது என்று வையுங்கள். பக்தர் கொடுத்தது 500 ரேண்ட், பதிபவர் தட்டியது 50. சங்கிலி அந்த 50ஐத்தான் பத்திரமாகக் காக்கும். திருத்தம் என்று புதுப் பதிவு சேர்க்கலாம், பழையதை அழிக்க முடியாது. அந்தச் சங்கிலியே கமிட்டியின் ஒற்றைக் கணினியில் ஓடுகிறது என்றால் முழுவதையும் திரும்ப எழுதிவிடலாம். அதற்கு எக்ஸெல் போதும்.

2020 இறுதியில் சரிந்த தென்னாப்பிரிக்க பிட்காயின் முதலீட்டு நிறுவனமான மிரர் டிரேடிங் இன்டர்நேஷனல் விவகாரத்திலும் இதே கோளாறுதான். உறுப்பினர்கள் அனுப்பிய பிட்காயின் சங்கிலியில் உண்மையாகவே பதிவானது. தினமும் காட்டிய லாபம் நிறுவனத்தின் திரையில் மட்டும் இருந்த எண். குறைந்தது 29,421 பிட்காயின் திரட்டப்பட்டதாக அமெரிக்காவின் சரக்கு முன்பேர வர்த்தக ஆணையம் (சிஎஃப்டிசி) 2022இல் வழக்குத் தொடுத்தது. பிட்காயினைச் செலவழிக்கத் தேவையான ரகசியச் சாவி உங்கள் கையில் இல்லையென்றால், திரையில் தெரியும் இருப்பு அந்த நிறுவனத்தின் வாக்குறுதி மட்டுமே. தென்னாப்பிரிக்காவில் பிட்காயின் போன்ற கிரிப்டோ 2022 அக்டோபரிலிருந்து சட்டப்படி நிதிப் பொருள். அதைக் கையாளும் சேவையாளருக்கு உரிமம் வேண்டும். நிதித்துறையை ஒழுங்குபடுத்தும் எஃப்எஸ்சிஏ அமைப்பின் தளத்தில் தேடிப் பாருங்கள். உரிமம் இருப்பதால் லாபம் உறுதி என்று ஆகிவிடாது.

சாவி என்பது பெரும்பாலும் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். அவற்றைப் போட்டோ எடுத்து வைப்பதும் தனக்குத்தானே வாட்ஸ்அப் அனுப்புவதும் கூடாது. காகிதத்தில் எழுதி இரண்டு இடங்களில் வையுங்கள். பெரிய தொகை போடுமுன் சிறு தொகையோடு வாலட்டை (சாவியை வைத்துப் பணம் அனுப்பும் செயலியை) அழித்து, அந்தச் சொற்களால் மீட்டுப் பாருங்கள். உதவி மையம் என்று சொல்லி யார் கேட்டாலும் திருடர்தான்.

அனுப்பும்போது முகவரியில் ஓர் எழுத்து பிசகினால் வாலட் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். நகலெடுத்த முகவரியையே மாற்றும் வைரஸ்தான் ஆபத்து. முதல் நான்கு எழுத்தை மட்டும் பார்க்காமல் முழுவதையும் ஒப்பிடுங்கள். எந்தச் சங்கிலி வழியாக அனுப்புகிறீர்கள் என்ற நெட்வொர்க்கையும் பாருங்கள். டாலர் மதிப்பை ஒட்டிய கிரிப்டோவான யுஎஸ்டிடி பல நெட்வொர்க்குகளில் ஓடுகிறது. அதில் டிரான் நெட்வொர்க் முகவரி ‘T’ என்ற எழுத்தில் தொடங்கும். எத்தீரியம், பிஎன்பி செயின் என்ற வேறு இரு நெட்வொர்க்குகளும் ஒரே வடிவ முகவரியைப் பயன்படுத்துவதால், தவறான நெட்வொர்க்கைத் தேர்ந்தாலும் எச்சரிக்கை வராமல் போகலாம்.

பிட்காயின் கட்டணம் தொகையைப் பொறுத்ததல்ல, பதிவின் தரவு அளவைப் பொறுத்தது. குறைவாக வைத்தால் பரிவர்த்தனை வரிசையில் கிடக்கும். அனுப்பிய பிறகு மின்வெட்டில் உங்கள் போன் அணைந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பதற்றத்தில் இன்னொரு முறை அனுப்பினால் இரண்டுமே போய்ச் சேரக்கூடும். வாலட்டில் கட்டணத்தை உயர்த்தும் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.