குட்டையைத் துடைத்து வழித்தால் தண்ணீர் தெளியாது

மலை ஊர்களில், கோடையில் நீர் வற்றும்போது ஊற்றுக் குட்டையைத் தூர்வாருவது நல்ல வேலைதான். ஆனால் அடிச்சேற்றை ஒரு கூடை விடாமல் வாரி, கரைக் கோரையை வேரோடு பிடுங்கி, பாறையில் வழுக்கும் பாசியையும் தேய்த்து எடுத்துவிடுகிறோமே, அங்கேதான் தவறு தொடங்குகிறது. அழுக்கு என்று நாம் அள்ளி எறிவதில் பாதி, தண்ணீரைச் சுத்தம் செய்துகொண்டிருந்த உயிர்கள்.

கல்லில் ஒட்டியிருக்கும் அந்த வழுவழுப்பு, பாக்டீரியாவும் நுண்பாசியும் சேர்ந்து நெய்த படலம். கழிவோடு வரும் அம்மோனியாவை அதிலுள்ள பாக்டீரியா நைட்ரேட்டாக்கும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும். சேற்றின் மேல்தோலுக்குக் கீழே ஆக்சிஜன் கிடையாது. அங்கே வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடும். இவற்றுக்குத் தீனி மட்கும் இலை. இலைமக்கு முழுவதையும் அகற்றினால் இரண்டாவது வேலை நின்று, நைட்ரேட் தண்ணீரிலேயே தங்கும். ஆகவே ஒரு பருவத்தில் குட்டையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வாருங்கள். வாரியதைக் கரையோரம் ஓர் இரவு வைத்தால் தும்பிக் குஞ்சுகளும் நத்தைகளும் நீருக்குத் திரும்ப வாய்ப்புக் கிடைக்கும். மறுநாள் மழைநீர் திருப்பி அடித்து வராத இடத்துக்குக் கொண்டுபோய் மக்க விடுங்கள்; கேரட் பாத்திக்கு நல்ல எரு.

எல்லா இலையும் ஒன்றல்ல. சோலை மரங்களின் இலையை ஓடை நண்டும் பூச்சிப் புழுக்களும் எளிதில் கத்தரித்துத் தின்னும். கற்பூர மரத்து (யூகலிப்டஸ்) இலையில் எண்ணெயும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் மிகுதி, மெதுவாகத்தான் மட்கும். குறைக்க வேண்டியது இந்த இலையை.

பாஸ்பரசுக்கு ஆவியாகிப் போகும் வழி இல்லை. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடக்கும், அல்லது செடிக்குள் ஏறும். சேற்றுக்கு மேலுள்ள நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் பிணைப்பு விட்டு மறுபடி நீரில் கரையும். உருளைக்கிழங்குத் தோட்டத்து உரம் கலக்கும் குட்டைகள் பச்சையாவது இதனால்தான். உறைபனி விழும் முன்பே சம்பையும் கோரையையும் அறுத்து வெளியேற்றுங்கள். கருகிய தாள் நீரில் விழுந்தால், செடி உறிஞ்சியதில் பெரும்பகுதி திரும்பக் கரைந்துவிடும். அறுக்கும்போது நீர்மட்டத்துக்கு ஒரு சாண் மேலே அறுக்க வேண்டும். நீருக்குள் அறுத்தால் வேருக்குக் காற்று போகாமல் சம்பு அழுகும்.

அடுத்தது, மிகப் பெரிய தவறு: ஓடை எதையும் தாங்கும் என்று கழிவறை நீரை நேராக விடுவது. ஒருவரின் ஒருநாள் கழிவை மட்கவைக்கச் சுமார் 50 கிராம் ஆக்சிஜன் தேவை. மலையில் காற்று மெல்லியது. உதகை உயரத்தில், 15 டிகிரி வெப்பத்தில், ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்கும் குறைவாகவே ஆக்சிஜன் தாங்கும். அதாவது ஒரே ஒருவர், ஒரே நாளில், 6,000 லிட்டருக்கு மேற்பட்ட நீரின் மூச்சை நிறுத்திவிட முடியும். குளிரில் பாக்டீரியாவின் வேகமும் குறையும். 10 டிகிரிக்குக் கீழே அம்மோனியாவை மாற்றும் வேலை மிகவும் மந்தம். முதலில் செப்டிக் டேங்க், பிறகு சரளையில் கோரை நட்ட பாத்தி, அதன்பிறகுதான் ஓடை.

நாற்றம் வந்தவுடன் பிளீச்சிங் பவுடர் தூவுவதையும் நிறுத்துங்கள். மேலே சொன்ன படலத்தைக் குளோரின் கொன்றுவிடும். அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமைன் ஆகி மீனையும் கொல்லும். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா மெதுவாகப் பெருகுவது; பழைய நிலைக்கு வரப் பல வாரமாகும். கொசுவுக்கென்று கம்பூசியா மீன் விடுவதும் வேண்டாம். பாசியைத் தின்னும் நீர்த்தெள்ளுகளை அது தின்றுவிடுவதால் தண்ணீர் இன்னும் பச்சையாகும். தும்பிக் குஞ்சுகள் இருந்தால் கொசுப்புழுவை அவையே பிடிக்கும்.

இத்தனையும் சரியாக நடந்து, அடிக்கல் தெரியும் அளவுக்கு நீர் தெளிந்தாலும், அப்படியே குடிக்கக் கூடாது. கிருமிகள் குறைந்திருக்கும், தீர்ந்திருக்காது. உதகையிலும் கொடைக்கானலிலும் தண்ணீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். எனவே தளதளவென்று கொதி வந்தபின் 3 நிமிடம் அடுப்பிலேயே விட்டு, பிறகு இறக்குங்கள்.